பிறவியின் மேல் பழி

உலகத்தில் மனிதனுக்கு நேரிடும் எந்தக் கஷ்டத்திற்கும் சுலபமாகச் சொல்லக்கூடியதும், சொல்லுகிறவனுக்கு யாதொரு பொறுப்பும் இல்லாமல் செய்து விடக்கூடியதுமான பதில் ஒன்று இருக்குமானால், அது "பிறவியிலேயே அமைந்து விட்டது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?" என்பதேயாகும். நம் நாட்டில் இதை விதி என்றும் முன்வினை என்றும் சொல்லுகிறார்கள். மேல்நாட்டில் படித்த கனவான்கள் இதையே "பரம்பரை" என்றும் "ரத்தம்" என்றும் சாஸ்திரப் பெயர் சூட்டிச் சொல்லி வந்திருக்கிறார்கள். பெயர் வேறானாலும் சரக்கு ஒன்றுதான். இந்தப் பதிலைச் சொல்லிவிட்ட உடனே விசாரணை நின்று விடுகின்றது. பணம் செலவழிக்க வேண்டியவன் பையை மூடிக் கொள்ளுகிறான். குற்றம் செய்தவன் தப்பித்துக் கொள்ளுகிறான். கஷ்டப்படுகிறவன் மாத்திரம் கஷ்டப்பட்டுக் கொண்டே இருக்கிறான்.

இப்படி நாம் சொன்னால், "அதெப்படி? பரம்பரை என்பது மெய்தானே? தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு நோய் வருவது உண்மைதானே? பகுத்தறிவு பேசுகிறவர்கள் அதை மறுக்கலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நாம் மறுக்கவில்லை. மறுக்காததனால்தான், முழுக்க முழுக்கப் பரம்பரை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் ருஜுவான ஒரு வியாதியையே எடுத்துக் கொண்டு, அதிலேயாவது இந்தப் பதில் நிற்கின்றதா என்று பார்க்கப் போகிறோம். அந்த வியாதிக்கு ஆல்பா-1 ஆன்டிட்ரிப்ஸின் குறைவு என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, சங்கதி சுலபமானது.

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை உண்டு. கிருமி புகுந்த இடத்திற்கு ஓடிப்போய், தன்னிடமுள்ள என்ஸைம்களைக் கொண்டு கிருமியை அழிப்பது அதன் உத்தியோகம். என்ஸைம் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு பொருளை வெட்டவோ இணைக்கவோ மாற்றவோ செய்கின்ற புரோட்டீன். கெட்டியான இறைச்சியில் பப்பாளிக்காய்ப் பாலைத் தடவி வைத்தால் அது பஞ்சு போல் வெந்து விடுவதை நம் பெண்கள் அறிவார்கள். அந்தப் பாலில் உள்ள பப்பெயின் என்னும் என்ஸைம் செய்கின்ற காரியம் அது. நியூட்ரோபில் வைத்திருக்கும் என்ஸைம்களில் எலாஸ்டேஸ் என்பது ஒன்று. எலாஸ்டின் என்கின்ற, ரப்பரைப் போல் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் நாரை அது வெட்டும். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்கள் இந்த நாரைக் கொண்டு கட்டப்பட்டவை. மூச்சை இழுத்தால் விரிந்து, விட்டால் தானாகச் சுருங்குவது இந்த நாரின் பலத்தால்தான்.

ஆகவே காவற்காரன் கையில் அரிவாள் இருக்கிறது. திருடனை வெட்டிய பிறகு அதே அரிவாள் வீட்டுத் தூணையும் வெட்டக்கூடியதாக இருக்கிறது. அந்த அரிவாளை உறையில் போடுவதற்கென்றே உடம்பு வைத்திருக்கும் புரோட்டீன்தான் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்ஸின். அது 394 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. பெரும்பாலும் கல்லீரலில் செய்யப்பட்டு, ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கு வந்து சேருகிறது. நல்ல நிலையில் உள்ளவனுக்கு ஒரு லிட்டர் ரத்தநீரில் ஒன்று முதல் இரண்டு கிராம் வரை இருக்கும். அது வேலை செய்யும் மாதிரி எலிப்பொறி மாதிரியேதான். சங்கிலியின் ஓரிடத்தில் இரை போல ஒரு வளைவை நீட்டிக் கொண்டு நிற்கும். என்ஸைம் வந்து அதைக் கடித்த மாத்திரத்தில் பொறி விழுந்து, என்ஸைமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூக்கியெறிந்து நசுக்கி விடும். இந்தக் காட்சியை, எலாஸ்டேஸின் குலத்தைச் சேர்ந்த டிரிப்ஸின் என்னும் என்ஸைமை வைத்து 2000-ஆம் வருஷத்தில் கேம்பிரிட்ஜில் ஹண்டிங்டன், ரீட், காரெல் என்பவர்கள் அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். பொறி ஒரு தடவைதான் விழும். விழுந்த பொறி என்ஸைமோடு சேர்ந்து அழிந்து போகும். ஆதலால் கல்லீரல் ஓயாமல் புதுப் பொறிகளைச் செய்து அனுப்பிக் கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வியாதிக்காரர்களுக்கு அந்த இடத்தில்தான் கோளாறு. சங்கிலியில் 342-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதிலாக லைசின் என்ற வேறொன்று கோக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பிழைக்கு "இஸட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 394-இல் ஒரே ஒரு மணி மாறினதால், பொறி சரியாக மடியாமல் ஒன்றோடொன்று கோத்துக் கொண்டு கல்லீரலிலேயே தேங்கி விடுகிறது. இப்படிக் கோத்துக் கொள்ளுவதை 1992-இல் லோமாஸ் என்பவரும் அவரது கூட்டாளிகளும் விளக்கினார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்த இஸட்டை வாங்கிக் கொண்ட பிள்ளைக்கு, ரத்தத்தில் இருக்க வேண்டியதில் 100-க்கு 10 அல்லது 15 பங்குதான் வந்து சேருகிறது. ஒருவரிடமிருந்து மாத்திரம் வாங்கியவனுக்குப் பாதிக்கு மேலேயே இருக்கும். அவன் பெரும்பாலும் தெரியாமலேயே காலத்தைக் கழித்து விடுகிறான்.

இதைக் கண்டுபிடித்தது ஒரு மகானுமல்ல, தீர்க்கதரிசியுமல்ல. ஸ்வீடன் தேசத்தின் தென்கோடியில் மால்மோ என்னும் ஊர் ஆஸ்பத்திரியில், காகிதத்தின் மேல் மின்சாரத்தை ஓட விட்டு ரத்தநீரிலுள்ள புரோட்டீன்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துப் பார்ப்பதைத் தினசரி வேலையாகக் கொண்டிருந்த லாரெல் என்பவரும், அவரோடு வேலை பார்த்த எரிக்ஸன் என்ற இளம் வைத்தியரும்தான். சுமார் 1500 காகிதங்களில் 5 காகிதங்களில் மாத்திரம், இருக்க வேண்டிய ஒரு கோடு இல்லாதிருந்ததை அவர்கள் கவனித்தார்கள். இன்னொருவனாயிருந்தால் காகிதம் கெட்டுப் போயிற்று என்று எறிந்திருப்பான். அவர்கள் அந்த 5 பேரும் யார் என்று தேடிப் போனார்கள். அவர்களில் 3 பேருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. 1963-இல் இதை வெளியிட்டார்கள். இதற்கு அடுத்த வருஷத்தில், அமெரிக்காவில் பால் கிராஸ் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும், வேறு காரியமாக, மேலே சொன்ன அதே பப்பாளிப் பால் என்ஸைமை எலிகளின் நுரையீரலில் விட்டுப் பார்க்க, காற்றறைச் சுவர்கள் உடைந்து, பல சிறு அறைகள் சேர்ந்து ஒரு பெரிய ஓட்டைப் பையாகிப் போகக் கண்டார்கள். இதைத்தான் வைத்தியர்கள் எம்பிஸிமா என்கிறார்கள். மால்மோக்காரர்கள் உறை இல்லாததைக் கண்டார்கள். இவர்கள் அரிவாள் வெட்டுவதைக் கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான், அதுவரையில் வயோதிகத்தின் பேராலும் தேக பலவீனத்தின் பேராலும் தள்ளிவிடப்பட்டு வந்த ஒரு வியாதிக்கு, இன்னதால் இன்னது என்கின்ற கணக்கு ஏற்பட்டது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக நமக்கு மனமில்லை. இதே ஸ்வீடன் தேசத்தில் 1922-இல் உப்சாலா நகரில் இனப் பரம்பரை ஆராய்ச்சிக்கென்று அரசாங்கச் செலவிலேயே ஒரு ஸ்தாபனம் திறக்கப்பட்டது. லுண்ட்போரி என்பவர் அதற்குத் தலைவர். பதினாயிரக்கணக்கான ஜனங்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து, தலைமயிர் நிறத்தையும் கண் நிறத்தையும் அட்டவணை போட்டு, வடநாட்டு வெள்ளையர் ரத்தம் உயர்ந்தது, அதைக் கலப்பில்லாமல் காப்பாற்ற வேண்டும் என்று போதித்து வந்தார்கள். இந்த மாதிரியான போதனைகளின் சூட்டிலே 1934-இல் மலடாக்கும் சட்டம் ஒன்றும் வந்தது. 1941-இல் அது இன்னும் விரிவாக்கப்பட்டது. 1935 முதல் 1975 வரையில் சுமார் 63,000 பேர் இச்சட்டங்களின்படி மலடாக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பலர் நிர்ப்பந்தத்தின் பேரில் கையெழுத்துப் போட்டவர்கள். 1999-இல்தான் அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்க முன்வந்தது.

சரி, எந்த ரத்தம் உயர்ந்தது என்று இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தார்களோ, அந்த ரத்தத்தில்தான் இந்த இஸட் பிழை உலகத்திலேயே அதிகமாகக் காணப்படுகிறது. ஸ்வீடனில் சுமார் 1600 பேருக்கு ஒருவர் இரட்டை இஸட். பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் வட ஐரோப்பாவில் எங்கோ ஒரு மனிதனிடம் தோன்றி அங்கிருந்து பரவியதாக ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். மண்டையை அளந்த கருவியில் இது அகப்படவில்லை. நீலக் கண்ணும் பொன் மயிரும் உள்ளவனுடைய நுரையீரலைக் காப்பாற்ற அவை ஒன்றும் செய்யவில்லை. இதனால் அவர்கள் ரத்தம் தாழ்ந்தது என்று நாம் சொல்ல வருகிறோம் என்று யாரும் எண்ணி விட வேண்டாம். அப்படிச் சொன்னால் அதே புரட்டைத் தலைகீழாக வைப்பதேயாகும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்த இஸட் அபூர்வம்; அதற்குப் பதிலாக நம் பக்கத்து ரத்தங்களில் வேறு பிழைகள் இருக்கின்றன. உயர்ந்த ரத்தம் என்றும் தாழ்ந்த ரத்தம் என்றும் ஒன்று கிடையாது, இன்ன இடத்தில் இன்ன மணி மாறியிருக்கிறது என்பதுதான் உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

நிற்க. "எப்படியானாலும் பிறவியில் வந்ததுதானே?" என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இனி அதற்கு வருவோம்.

இரட்டை இஸட்டோடு பிறந்த இரண்டு பேரை எடுத்துக் கொள்ளுங்கள். ரத்தத்தில் இருவருக்கும் அளவு ஒன்று, பிழை ஒன்று. ஒருவன் சிகரெட் குடிக்கிறவன், மற்றவன் குடிக்காதவன். குடிக்கிறவன் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்குள்ளேயே மாடிப்படி ஏற முடியாமல் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்து விடுகிறான். குடிக்காதவனுக்கு அந்த நிலை வந்தாலும் பத்து வருஷத்திற்கு மேல் பிந்தித்தான் வருகிறது. வியாதி வந்து அதனால் கண்டுபிடிக்கப்படாமல், முன்கூட்டியே பரீட்சையில் அகப்பட்டவர்களில் ஒருநாளும் புகை குடிக்காதவர்கள், மற்ற ஜனங்களைப் போலவே சுமாராக முழு ஆயுளும் இருக்கிறார்கள் என்று ஸ்வீடன் வைத்தியர்கள் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பிறவி ஒன்றாயிருக்க முடிவு மாத்திரம் ஏன் இரண்டாயிற்று என்று விதிக்காரர்களைக் கேட்கிறோம்.

காரணம் இருக்கிறது. புகை உள்ளே போனால் உடம்பு அதைப் படையெடுப்பு என்று எண்ணி நியூட்ரோபில்களைக் கூட்டங்கூட்டமாக நுரையீரலுக்கு அனுப்புகிறது. அதாவது, அரிவாள்கள் பெருகுகின்றன. அதோடு விடவில்லை. பொறியின் இரையில் 358-ஆவது இடத்தில் மெத்தியோனின் என்னும் ஒரு மணி இருக்கிறது. எலாஸ்டேஸ் கடிக்க வேண்டிய இடம் அதுவே. புகையிலுள்ள சரக்குகளும், புகையினால் கிளர்ச்சியடைந்த அணுக்கள் கக்குகின்ற சரக்குகளும் சேர்ந்து அந்த மணியைப் பிராணவாயு ஏற்றித் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருப்பிடித்த இரையை என்ஸைம் சீக்கிரத்தில் கடிப்பதில்லை. ஆகையால் பொறியும் விழுவதில்லை. ஆகவே, பிறவியில் பத்துப் பொறி மாத்திரம் வைத்திருக்கிற ஏழை, அந்தப் பத்தையும் புகையினால் கெடுத்துக் கொண்டு, எதிரே ஆயிரம் அரிவாளையும் வரவழைத்துக் கொள்ளுகிறான்.

நூறு பொறி வைத்திருக்கிறவனுக்கும் நடப்பது இதேதான் என்பதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். சிகரெட்டாலும் பீடியாலும் சுருட்டாலும் சாதாரண மனிதனுக்கு வரும் எம்பிஸிமாவில் நடக்கிற காரியங்களில் முக்கியமானது இந்தச் சண்டையே. அவனுக்குக் கையிருப்பு அதிகமாதலால் கொஞ்சம் மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான். ஆதலால் இது எங்கேயோ பனி தேசத்து வெள்ளைக்காரன் வியாதி, நமக்கென்ன என்று தள்ளுவதற்கு இடமில்லை.

இப்பொழுது பரம்பரை என்ற வார்த்தையினால் லாபமடைந்தவர்கள் யார் என்று பார்ப்போம். 1950-இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தைக் கணக்கெடுத்து வெளியிட்ட பிறகு, சிகரெட் வியாபாரிகளுக்குத் தூக்கம் போய் விட்டது. அந்தச் சமயத்தில் அவர்களுக்கு அருமருந்து போல வந்து சேர்ந்தவர் ஆர். ஏ. பிஷர் என்னும் பெரிய கணித பண்டிதர். புள்ளிவிவர சாஸ்திரத்தில் அவருக்கு இணையானவர்கள் சிலரே. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர் இளமையிலிருந்தே நல்ல பரம்பரையைப் பெருக்க வேண்டும் என்கின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர். தானும் பைப் குடிக்கிறவர். சிகரெட் உற்பத்திக்காரர்களின் கமிட்டிக்கு ஆலோசகர். அவர் 1957, 1958-இல் என்ன சொன்னார் என்றால், சிகரெட்டினால் புற்றுநோய் வருகிறதென்று ஏன் சொல்ல வேண்டும், புகை குடிக்கும் ஆசையையும் புற்றுநோயையும் சேர்த்தே கொடுக்கும்படியான பரம்பரை ஒன்று இருக்கலாமல்லவா என்றார். அதாவது, புகையின் மேல் குற்றமில்லை. உன் பாட்டன் பாட்டியின் மேல்தான் குற்றம்! எவ்வளவு பெரிய மூளையும் பிறவிதான் காரணம் என்ற பித்தில் விழுந்து விட்டால் எங்கே போய்ச் சேருகிறது பாருங்கள். பரம்பரையே முழுக் காரணமாயிருக்கின்ற இஸட் வியாதியிலேயே புகை செய்கின்ற வித்தியாசம் இவ்வளவென்று 1963-க்குப் பிறகு தெரிந்தது. பிஷர் 1962-இலேயே இறந்து விட்டார். அவருடைய வாதத்தைத் தூக்கிக் கொண்டு அலைந்த வியாபாரிகள் இறக்கவில்லை.

மறுபடியும் ஸ்வீடனுக்கு வருவோம். 1972 முதல் 1974 வரை அங்கு பிறந்த 2,00,000 குழந்தைகளின் ரத்தத்தைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 120-க்குச் சற்று மேற்பட்ட குழந்தைகள் இரட்டை இஸட் என்று கண்டார்கள். பிறகு அந்தப் பரீட்சையை நிறுத்தி விட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள்? சங்கதியைக் கேட்ட பெற்றோர்கள் மிகவும் மனம் கலங்கிப் போனார்கள் என்பதற்காக நிறுத்தினார்கள். பெற்றோர்கள் கலங்கியது பொய்யல்ல. பச்சைக் குழந்தையைக் கையில் வைத்திருக்கிறவளிடம், உன் பிள்ளையின் ரத்தத்தில் குறை இருக்கிறது என்று சொன்னால் கலங்காமல் இருப்பாளா? ஆனால் கலக்கத்திற்கு மருந்து, நன்றாக விளக்கிச் சொல்லுவதும் கூட இருந்து உதவுவதுமா, அல்லது யாருக்கும் ஒன்றும் தெரியாமல் செய்து விடுவதா? நம் ஊரில் ஜோசியன் வாயால் கெட்ட பலன் கேட்கப் பயந்து ஜாதகத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பவளை நாம் பார்த்திருக்கிறோம். அவளையாவது மன்னிக்கலாம், ஜாதகம் பொய்யாதலால். ரத்தப் பரீட்சை மெய்யானது. அதைப் பூட்டி வைப்பதற்கு என்ன நியாயம்?

அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்பதே இதற்குப் பதில். நல்ல காலமாக, பரீட்சையை நிறுத்தினார்களே தவிர, அகப்பட்ட குழந்தைகளைக் கை விட்டு விடவில்லை. வளர வளரக் கூப்பிட்டுப் பார்த்து வந்தார்கள். சிலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே கல்லீரல் கெட்டது. அதை நாம் மறைத்துப் பேசவில்லை. மிச்சப் பேர் வளர்ந்து, 37 முதல் 40 வயதுக்குள் பரீட்சிக்கப்பட்ட போது, அவர்களில் புகை குடிக்கிறவர்கள் 100-க்கு 4 பேர்; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்க்கப்பட்ட சாதாரண ஜனங்களில் 100-க்கு 12 பேர். ஒருநாளும் புகை குடிக்காத இரட்டை இஸட்காரர்களின் மூச்சு பலம் அந்த வயதில் சாதாரண மனிதருடைய மூச்சு பலத்திற்குக் குறைவாயில்லை. நாற்பது வயதில் படியேற முடியாமல் போக வேண்டும் என்று "எழுதி வைக்கப்பட்டவர்கள்", முன்னமே தெரிந்து கொண்டதனால் படியேறிக் கொண்டிருக்கிறார்கள்.

தெரிந்தவர்கள் சங்கதி இது. தெரியாதவர்கள் சங்கதியைக் கேளுங்கள். அமெரிக்காவில் இந்தக் கடுமையான குறையோடு 80,000 முதல் 1,00,000 பேர் வரை இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டவர்கள் இதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1994-இல் அங்கு வெளிவந்த ஒரு கணக்கின்படி, முதல் மூச்சுத் திணறல் ஏற்பட்டதிலிருந்து வியாதியின் பெயர் தெரிவதற்குச் சராசரி 7 வருஷத்திற்கு மேலாகிறது. பலர் மூன்று வைத்தியர்களுக்கு மேல் பார்த்த பிறகே தெரிந்து கொள்ளுகிறார்கள். இந்தப் பரீட்சை ஏதோ பெரிய தேவ ரகசியமா? இல்லை, ஒரு துளி ரத்தத்தில் ஒரு புரோட்டீனை அளக்கும் வேலை. நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆயுளில் ஒரு தடவையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூட்டிய நிபுணர்கள் 1997-இலேயே சொல்லி விட்டார்கள். பின் ஏன் நடப்பதில்லை என்று கேட்டால், "தெரிந்துதான் என்ன செய்யப் போகிறோம்? பரம்பரைதானே" என்று சொல்லும் வைத்தியர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்ன செய்யலாம் என்று நாம் சொல்லுகிறோம். அவனை உடனே புகையிலிருந்து விடுவிக்கலாம். கல் உடைக்கிற இடத்திலும் தூசி பறக்கிற தொழிற்சாலையிலும் அவனுக்கு வேலை வைக்காமல் இருக்கலாம். சளிக் காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போடலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, அவனுடைய அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளைக் கூப்பிட்டுப் பரீட்சிக்கலாம். ஒருவன் அகப்பட்டால் கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு அதே நிலை இருக்கக்கூடும். பரம்பரை என்பதனாலேயே ஒருவனைக் கொண்டு நாலு பேரைக் காப்பாற்ற வசதி இருக்கிறது. அதே பரம்பரையைச் சொல்லி ஒருவனையும் காப்பாற்றாமல் விடுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

பரீட்சை செய்து கொள்ளப் பயப்படும் ஜனங்களின் மேலும் முழுக் குற்றமில்லை. அமெரிக்காவில் 2008-இல் செய்த சட்டம், பரம்பரைக் குறை தெரிந்தவனை வைத்திய இன்ஷ்யூரன்ஸிலிருந்தும் உத்தியோகத்திலிருந்தும் தள்ளக் கூடாது என்று தடுக்கிறது. ஆயுள் இன்ஷ்யூரன்ஸை அது தொடவில்லை. ரத்தத்தைக் காட்டினால் பாலிசி போய் விடுமோ என்று ஒருவன் மறைத்துக் கொண்டு திரிந்தால், அதற்கு அவனுடைய அறியாமையா காரணம்?

இனி மருந்து. பிறர் கொடுத்த ரத்தத்திலிருந்து இந்தப் புரோட்டீனைப் பிரித்தெடுத்து, குறையுள்ளவனுக்கு வாரம் ஒரு முறை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் வீதம் நரம்பில் ஏற்றும் வைத்தியத்தை அமெரிக்க அரசாங்கம் 1987-இல் அனுமதித்தது. போன நுரையீரலை இது திருப்பிக் கொடுக்காது. 180 பேரை இரண்டு வருஷம் வைத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட பரீட்சையில், நுரையீரல் கரைந்து போவது மெதுவாகின்றது என்று படத்தில் தெரிந்தது. ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரீட்சையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகையால் இதைச் சர்வ ரோக சஞ்சீவி என்று நாமும் சொல்லவில்லை. விலையோ, அமெரிக்காவில் ஒருவருக்கு வருஷம் ஒன்றுக்குச் சுமார் 1,00,000 டாலர். இங்கிலாந்தில் 2019-இல், இந்தப் பலனுக்கு இந்த விலை கொடுக்க முடியாது என்று சொல்லிப் பொது வைத்தியத்தில் சேர்க்க மறுத்தார்கள். அயர்லாந்தில், மருந்தைப் பரீட்சிக்கும் காலத்தில் தங்கள் உடம்பைக் கொடுத்து வருஷக்கணக்காக உதவிய இருபது பேர் சொச்சத்திற்கு 2017-இல் மருந்து நிற்கிற நிலைமை வந்தது. விலை கொடுக்க முடியாது என்றது அரசாங்கம். இனி இனாமாகக் கொடுக்க முடியாது என்றது கம்பெனி. கொடுத்தவர்கள் ரத்தத்தை இனாமாகவோ சொற்பக் கூலிக்கோ கொடுத்தவர்கள். பரீட்சைக்கு உட்பட்டவர்கள் உடம்பைக் கொடுத்தவர்கள். இடையில் நின்று விலை போட்டவன் மாத்திரமே நஷ்டமடையாதவன். மருந்து நின்றதற்குக் காரணமும் பிறவிதான் என்று யாராவது சொன்னால், அந்தப் பிறவியைப் பெற்றவன் அந்த விலைச் சீட்டை எழுதியவனே என்று நாம் பதில் சொல்லுவோம்.

கடைசியாக ஒன்று. பிறவியில் எழுதினதை அழிக்க முடியாது என்று சொல்லி வந்தவர்களுக்கு 2025-இல் ஒரு செய்தி வந்திருக்கிறது. கல்லீரலுக்குள் மருந்தை அனுப்பி, 342-ஆவது மணிக்குக் காரணமான அந்த ஒரே எழுத்தையே திருத்தி எழுதும் வைத்தியத்தை, இஸட்டோடு பிறந்த சிலருக்குக் கொடுத்துப் பார்த்ததில், அவர்கள் ரத்தத்தில் சரியான புரோட்டீன் தோன்றியிருக்கிறது. இது ஆரம்பப் பரீட்சைதான். சில பேர்தான். நீண்ட நாளைக்கு நிற்குமா, வேறு தீங்கு செய்யுமா என்று இனித்தான் பார்க்க வேண்டும். ஆனால் இப்பொழுதே பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த மருந்து கடைக்கு வருகின்ற அன்று அதற்கு விலை போடப் போவது யார், அந்த விலையைக் கொடுக்கப் போவது யார் என்பதை, 1987-இல் கேட்காமல் விட்டது போல இந்தத் தடவையும் விட்டு விடாமல், மருந்து வருவதற்கு முன்னமே கேட்க வேண்டும்.